விட்டுக்கொடுக்கத் தெரிந்த தண்டு

பழைய கார் ஒன்றின் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பாமல், மேலும் கீழுமாக மட்டும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அது ஒரு நோய். பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் அசையாமல் கையில் மட்டும் ஒரு விரல்கடை நகர்ந்தால் அது வேறொரு நோய். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: "ஸ்டீரிங்ல ப்ளே இருக்குங்க." பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். எங்கே ஆட்டம் தெரிகிறதோ அங்கே இறுக்கு. இறுக்க முடியாவிட்டால் ஒரு பற்று வை. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீரிங் தண்டில் இதைச் செய்தால் ஆட்டம் போய்விடும். அதோடு ஓட்டுகிறவரின் மார்புக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விடும்.

இதை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு வண்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையில் வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலொட்டி வரைந்த உடல், 948 சிசி எஞ்சின், முகப்பு முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் பானெட். அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய சாலையில் அது இளைஞர்களின் வண்டியாக இருந்தது. சோழவரம் பந்தயங்களிலும் ஓடியது. அதன் அடிச்சட்டத்தையும் முன்சக்கர அமைப்பையும் ஸ்டீரிங்கையும் அடிப்படையாக வைத்துத்தான் 1962இல் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. 1980 வரை உற்பத்தியில் இருந்த கார் அது. ஆகவே நம் ஊரில் ஒரு ஹெரால்டின் ஸ்டீரிங்கைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், உலகம் முழுக்கப் போற்றிப் பாதுகாக்கப்படும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீரிங்கையும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்தான்.

ஹெரால்டின் ஸ்டீரிங் இன்னொரு வகையிலும் பெயர் பெற்றது. 25 அடி வட்டத்துக்குள், அதாவது சுமார் 7.6 மீட்டருக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். லண்டன் டாக்சிகளுக்குச் சட்டம் விதிக்கும் அளவும் அதே 25 அடிதான். ஆனால் நான் இங்கே பேச வந்தது சக்கரப் பக்கத்தை அல்ல. கைக்கும் சக்கரத்துக்கும் இடையில், டேஷ்போர்டுக்கு அடியில் மறைந்து கிடக்கும் தண்டை.

அந்தத் தண்டைப் பழுதுபார்க்கும் வேலைக்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் 1971இல் உருவானது. அந்தப் பத்தாண்டுக்குள் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் மொபெட், டைட்டன் கைக்கடிகாரம் மூன்றும் எண்பதுகளில் இங்கே தயாராகத் தொடங்கின. லாரிக்கும் கடிகாரத்துக்கும் ஒரே ஊரில் உதிரி கடைந்து பழகிய கைகள் அரிது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு லேத் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பாகலூர் சாலையிலிருந்து ராயக்கோட்டை சாலைவரை எங்கே நின்று கேட்டாலும் மைக்ரான் கணக்குப் பேசுகிறவர் கிடைப்பார். தமிழில் கேட்டால் தெலுங்கில் உதவியாளரைக் கூப்பிட்டு, கன்னடத்தில் வரைபடக்காரருக்கு ஃபோன் போடுவார். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக 40 கிலோமீட்டர் போனால் பெங்களூர், அங்கே பழைய உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோடு. சென்னை புதுப்பேட்டை 300 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இடத்திலும் கிடைக்காததை இங்கேயே கடைந்துகொள்ளலாம்.

கைத்திறமையில் குறையே இல்லை. என் கவலை வேறு. லாரி ஓடும் ஊரில் ரிப்பேர் என்றால் முதலில் வரும் சொல் 'ஸ்ட்ராங்'. "முன்னைவிட ஸ்ட்ராங்கா பண்ணித் தரேன் சார்" என்பது அன்போடு கொடுக்கும் வாக்கு. சேஸிஸுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் அது நல்ல வாக்குதான். ஸ்டீரிங் தண்டுக்கு அதே வாக்கைக் கொடுக்கக் கூடாது.

ஏன் என்று பார்ப்போம். ஸ்டீரிங் தண்டுக்கு நமக்குத் தெரிந்த வேலை, கை கொடுக்கும் முறுக்கைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது எவ்வளவு பெரிய வேலை? நின்றிருக்கும் வண்டியில், 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீரிங்கை இரண்டு கையும் தலா பத்து கிலோ அளவுக்கு இழுக்கின்றன என்று வைப்போம். முறுக்குவிசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள திண்மையான எஃகுத் தண்டில் இது உண்டாக்கும் தகைவு 25 மெகாபாஸ்கல் அளவுதான். சாதாரண மென் எஃகு முறுக்கில் வளையத் தொடங்கும் அளவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தண்டுக்கு இது விளையாட்டு. முறுக்கைத் தாங்க இன்னும் பலம் சேர்க்க வேண்டிய தேவையே அதற்குக் கிடையாது.

இரண்டாவது வேலை வண்டியின் ஆயுள் முழுக்க வராமலே போகலாம். வந்தால் ஒரே ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வரும். வண்டி எதிரே எதிலாவது மோதும்போது அடுத்தடுத்து இரண்டு மோதல்கள் நடக்கின்றன. முதலில் முகப்பு நசுங்கி, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கும் அதனோடு இணைந்த தண்டும் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. தண்டு ஒரே துண்டாக, விறைப்பாக இருந்தால், ஸ்டீரிங் ஈட்டிபோல ஓட்டுநரை நோக்கி வரும். அடுத்து, வண்டி நின்றும் நிற்காத ஓட்டுநரின் உடல் முன்னே பாய்ந்து ஸ்டீரிங்கில் மோதும். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 6,200 ஜூல். அவ்வளவும் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் தீர வேண்டுமானால் சராசரி விசை 62,000 நியூட்டன்; ஆறு டன்னுக்கு மேற்பட்ட சுமைக்குச் சமம். கிருஷ்ணகிரி சாலையில் லாரியில் ஒற்றைக் கிரானைட் பாளம் போவதைப் பார்த்திருப்பீர்கள். கிரானைட் கன மீட்டருக்கு 2.7 டன். அப்படி இரண்டேகால் கன மீட்டர் பாளத்தை மார்பில் வைத்தது போல. அதே ஆற்றல் அரை மீட்டரில் தீர்ந்தால் விசை ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. தூரம்தான் உயிர் காக்கிறது. தண்டு உள்வாங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்தத் தூரக் கணக்கில் சேரும்.

இதைக் கார் உலகம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. மெர்சிடஸ் பொறியாளர் பேலா பாரெனி காரின் முகப்பே நொறுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை ஐம்பதுகளில் வளர்த்தவர். ஸ்டீரிங் தண்டுக்கும் அதே எண்ணத்தை அறுபதுகளில் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் மோதலில் சுருங்கும் தண்டை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கியது. 1968 ஜனவரி முதல் அங்கே இரண்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, ஓட்டுநர் உடல் ஸ்டீரிங்கில் மோதும்போது எவ்வளவு விசை வரலாம் என்பதற்கு. இன்னொன்று, முகப்பு மோதும்போது தண்டு பின்னே எவ்வளவு வரலாம் என்பதற்கு: மணிக்கு 48 கிலோமீட்டர் மோதலில் 127 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு மோதல், இரண்டு விதி.

ஹெரால்டு இந்த விதிகளுக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. ஆனாலும் அதில் சுருங்கும் தண்டு இருந்தது. அதைச் செய்த விதம் இவ்வளவு எளிமையானது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. தண்டு இரண்டு துண்டு. ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்து சறுக்கும். சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட், அலன் கீ போட்டு இறுக்கும் ஒரு சிறு திருகு, அதற்கு ஒரு லாக் நட். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். தட்டைப் பக்கம் இருப்பதால் சுழற்சியில் ஒரு துளிகூட நழுவாது. நீளவாக்கில் அதைப் பிடித்து வைப்பது கிளாம்ப்பின் உராய்வு மட்டுமே. கையின் சாதாரண அழுத்தத்துக்கு அந்த உராய்வு அசையாது. மோதலின் விசைக்கு அசைந்து, தண்டைத் தொலைநோக்கிக் குழாய்போல உள்ளே விடும். முறுக்குக்கு வடிவமும் தள்ளுக்கு உராய்வும் என்று இரண்டு வேலையையும் இரண்டு வெவ்வேறு வழியில் பிரித்துவைத்த நுட்பம் அது. ஓட்டுநரின் கை நீளத்துக்கு ஏற்ப ஸ்டீரிங்கை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளவும் அதே கிளாம்ப் உதவியது. இன்று விலை உயர்ந்த கார்களில் விளம்பரப்படுத்தும் வசதி, அன்று வண்டலூர் வண்டியில் ஒரு அலன் கீயில் இருந்தது.

இப்போது அந்தக் கிளாம்ப் தேய்ந்து, 'டக்' சத்தம் வருகிறது என்று வையுங்கள். வண்டி ஒரு பட்டறைக்குப் போகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு துண்டாக இருப்பதே குறையாகத் தெரிகிறது. நாலு பக்கமும் ஒரு வெல்டிங், அல்லது குறுக்கே துளை போட்டு ஒரு பத்து மில்லிமீட்டர் போல்ட். சத்தம் நின்றுவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பணம் கொடுப்பார். 1959இல் வடிவமைப்பாளர் எடுத்துவிட்ட ஈட்டியை நாம் திரும்ப உள்ளே வைத்துவிட்டோம் என்பது இருவருக்குமே தெரியாது. பழைய காரை வாங்குகிறவர்கள் பெயின்டையும் குரோமியத்தையும் பார்ப்பதற்கு முன் குனிந்து இந்தக் கிளாம்ப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வெல்டிங் இன்னொரு தீங்கையும் செய்கிறது. இத்தகைய தண்டுகளுக்கு நம் லேத் பட்டறைகளில் கைக்கு வரும் பொருள் ஈஎன் 8, சுமார் 0.4 விழுக்காடு கரி உள்ள எஃகு. அதில் வெல்டிங் செய்தால், பற்றவைத்த இடத்தை ஒட்டிய மெல்லிய பட்டை செஞ்சூடாகி, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு அந்த வெப்பத்தை நொடிகளில் உறிஞ்சிவிடும். கொல்லர் பழுத்த உளியைத் தண்ணீரில் நனைத்தது போல்தான். அந்தப் பட்டை மார்டன்சைட் என்ற மிகக் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள படிக அமைப்பாக மாறிவிடுகிறது. வெளியே பார்த்தால் வெல்டிங் அழகாக இருக்கும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு வளைவிலும் ஒரு நூலிழை விரிசல் வளரத் தொடங்கியிருக்கும்.

சரி, முறையாக எப்படிச் செய்வது? முதலில் நோயைப் பிரிக்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் பெரும்பாலும் புஷ்தான் காரணம். டேஷ்போர்டில் கட்டப்பட்ட வெளிக்குழாய்க்குள் தண்டு சுழல, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு புஷ் இருக்கும். திருப்பும்போது கையில் மட்டும் நகர்வு தெரிந்தால், ஒருவர் ஸ்டீரிங்கை மெல்ல அசைக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து தண்டின் வழியே கண்ணை ஓட்ட வேண்டும். எந்த இணைப்புக்கு மேலே அசைவு இருந்து கீழே இல்லையோ, அங்கேதான் பழுது. ஹெரால்டின் பானெட் முழுதாகச் சாய்வதால் எதிரே உட்கார்ந்தே பார்க்கலாம். இதில் அவசரம் கூடாது. ஒரே ஒரு பாகை நழுவினால்கூட 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஸ்டீரிங்கின் விளிம்பில் அது மூன்றரை மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். கையில் பெரிதாகத் தெரியும் ஆட்டத்துக்குக் காரணமான தேய்மானம் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கலாம்.

தண்டு ரேக்கோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் கப்ளிங் உண்டு. சாலையின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. எஞ்சின் சூடும் கசியும் எண்ணெயும் பட்டு ரப்பர் ஊதிப் பிளந்துபோகும். இதில் ஓர் அழகான துப்பு ஒளிந்திருக்கிறது. இந்தக் கார்களில் ஹாரன் பட்டனை அழுத்தினால் மின்சாரம் தண்டு வழியாகவே வண்டியின் உடலுக்கு எர்த் ஆகிறது. நடுவில் ரப்பர் இருந்தால் மின்சாரம் எப்படிப் போகும்? அதற்காகவே ரப்பரைத் தாண்டி ஒரு சிறு எர்த் ஒயர் கட்டியிருப்பார்கள். ஐம்பது ஆண்டில் யாரோ ஒருவர் கப்ளிங்கை மாற்றும்போது அந்த ஒயரை விட்டுவிட்டிருப்பார். ஹாரன் செத்துப்போகும். எலக்ட்ரீஷியன் ஹாரனை மாற்றுவார், ரிலே வைப்பார், கடைசியில் டேஷ்போர்டில் தனிப் பட்டன் வைத்துவிடுவார். ஆகவே பழைய ஹெரால்டு ஒன்றில் ஹாரனுக்குத் தனிப் பட்டன் இருந்தால், அந்தக் கப்ளிங்கில் யாரோ கை வைத்திருக்கக் கூடும் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

புஷ் மாற்றுவதுதான் ஓசூர் லேத் பட்டறையின் உண்மையான களம். பேட்டரியைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராக வைத்து, ஹாரன் பட்டனையும் கிளாம்ப்பையும் தளர்த்தினால், ஸ்டீரிங்கோடு மேல் தண்டு உருவிக்கொண்டு வரும். பழைய புஷ் வெளிக்குழாயின் துளைகளில் சிறு முனைகளால் மாட்டியிருக்கும். மழுங்கிய கம்பியால் முனைகளை உள்ளே அழுத்தித் தள்ள வேண்டும். புதியது கிடைக்காவிட்டால் கடைய வேண்டும். எதில் கடைவது? பித்தளையா, நைலானா, டெல்ரினா?

பித்தளையில் கடைந்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் கைக்கு அனுப்பும். மசகு காய்ந்தால் கிறீச்சிடும். நைலான் தானே வழுக்கும், சத்தம் போடாது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு: தண்ணீர் குடிக்கும். நைலான் 6 சாதாரண ஈரக் காற்றிலேயே தன் எடையில் இரண்டரை மூன்று விழுக்காடு நீரை உறிஞ்சும். தண்ணீரில் ஊறினால் ஒன்பது விழுக்காடுவரை. நீர் மூலக்கூறுகள் நைலானின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குவதால் பொருள் பெருக்கிறது. வெளியே எஃகுக் குழாய் இறுக்கிப் பிடித்திருப்பதால், பெருக்கம் முழுதும் உட்புறம் திரும்பித் துளையைச் சுருக்கும். சுருக்கம் நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், கோடைக்காலத்து உலர்ந்த காற்றில், துல்லியமாக 'டைட் ஃபிட்' பார்த்துக் கடைந்த புஷ், நவம்பரில் சென்னைக் கடற்கரை ஈரத்தில் தண்டைப் பிடித்துக்கொள்ள அது போதும். வளைவில் திரும்பிய ஸ்டீரிங் தானாக நேராகத் திரும்பி வர வேண்டும். புஷ் இறுகினால் வராது. வெப்பத்துக்கும் நைலான் எஃகைப்போல ஏழெட்டு மடங்கு விரியும். டெல்ரின் என்று கடையில் கேட்கும் அசிட்டல் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அளவு மாறாமல் நிற்க வேண்டிய இடத்தில் என் கை அதற்குத்தான் போகும். அசல் புஷ்ஷில் ரப்பரும் சேர்ந்திருந்தது ஏன் என்பதும் இங்கே விளங்குகிறது. இந்தப் பெருக்கம் சுருக்கம் எல்லாவற்றையும் ரப்பர் தன் மேல் வாங்கிக்கொண்டது. லேத்தில் கடையும் புஷ்ஷுக்கு வெளியே ஒரு ஓ-ரிங் பள்ளம் வெட்டினால் அந்தக் குணத்தை ஓரளவு திரும்பக் கொண்டுவரலாம்.

தண்டு வெளியே வந்திருக்கும்போதே செய்ய வேண்டிய இன்னொரு சோதனை, விரிசல் தேடுவது. ஸ்ப்லைன் பற்களின் அடியில், தட்டைச் சீவல் முடியும் மூலையில்தான் விரிசல் பிறக்கும்; கூர்மையான மூலையில் தகைவு குவியும். சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சிறிது நேரம் காத்திருந்தால், நுண்துளை ஈர்ப்பால் அது விரிசலுக்குள் தானே ஏறிக்கொள்ளும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவினால், உள்ளே போன சாயம் வெளியே கசிந்து சிவப்புக் கோடாக நிற்கும். ஆலைகளுக்கு உதிரி செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு இது பழகிய சோதனை. கோடு தெரிந்தால் அந்தத் தண்டைப் பற்றவைத்துக் காப்பாற்ற நினைக்கக் கூடாது, மாற்றிவிட வேண்டும். எவ்வளவு அரிய பாகமாக இருந்தாலும்.

திரும்பப் பூட்டும்போது கிளாம்ப்பின் உட்புறத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். உராய்வை நம்பி நிற்கும் இணைப்பு அது. கிரீஸ் தடவினால் அது சாதாரண நேரத்திலேயே நழுவும். நழுவுகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்கினால் மோதல் நேரத்தில் நழுவாது. ஆகவே போல்டுகளை சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு, டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். லாரி வீல் நட்டைக் காலால் மிதித்து இறுக்கிப் பழகிய கைக்கு இது சற்றுக் கடினம். அலன் திருகு தண்டின் தட்டைப் பக்கத்தில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்து, பிறகு லாக் நட். இரண்டு தண்டும் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் நுழைந்திருக்கிறதா, உள்ளே சுருங்க இன்னும் இடம் மீதி இருக்கிறதா, இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். ஸ்டீரிங்கைத் தன் பக்கமாக அதிகம் இழுத்து வைத்துக்கொள்ள விரும்பும் ஓட்டுநர் முதலாவதை இழப்பார். அக்காலத்து வண்டியில் சீட் பெல்ட் இல்லையென்றால் அதையும் இப்போதே பொருத்திவிடலாம். தண்டு எவ்வளவு சுருங்கினாலும், ஓட்டுநரின் உடல் முழு வேகத்தில் அதன்மேல் விழாமல் இருப்பது நல்லது.

கடைசியாக எர்த் ஒயரைக் கட்டி, பேட்டரியை மாட்டி, ஹாரனை அழுத்திப் பார்க்கலாம். பிறகு கிளாம்ப்பின் விளிம்பிலிருந்து தண்டின்மேல் குறுக்காக மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள் நல்ல மெக்கானிக்குகள். ராயக்கோட்டைவரை ஒரு ஓட்டம், தளி சாலையில் ஒரு ஓட்டம், அப்படி ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கோடு உடையாமல் நேராக இருந்தால் கிளாம்ப் நழுவவில்லை. உடைந்திருந்தால், எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிவைத்துவிட்டு, மறுபடி அலன் கீயை எடுக்க வேண்டும்.